நேரம் போடாத குறிப்பு

பாளையங்கோட்டையில் நர்ஸிங் படித்தவள் நான். கல்யாணமாகி தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து, நர்ஸிங் கவுன்சில் பதிவெல்லாம் முடிந்து, இங்குள்ள அரசு மருத்துவமனைகளில் வேலை பார்த்தே தலை நரைத்துவிட்டது. அதிக காலம் பிரசவ வார்டு, நடுவில் பொது மருத்துவ வார்டு. கடைசிச் சில வருஷங்கள் ஃபைல் தணிக்கை. யார் என்ன எழுதியிருக்கிறார்கள், என்ன எழுதாமல் விட்டிருக்கிறார்கள் என்று பார்க்கிற வேலை. நான் வார்டுக்குள் நுழைந்தால் சின்னப் பிள்ளைகள் அவசர அவசரமாகப் பேனாவைத் தேடுவார்கள். பாவமாகத்தான் இருக்கும்.

என் நாத்தனார் மகள், டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த்தில் வளர்ந்தவள். படிப்பு முடித்து, இந்த நாட்டு வழக்கப்படி ஒரு வருஷக் கட்டாயச் சமூக சேவைப் பணியில் சேர்ந்திருக்கிறாள். போன வாரம் பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாகக் கேட்டாள்: "அத்தை, மாட்டிக்காம ஃபைல் எழுதறது எப்படி?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, கவலையாகவும் இருந்தது. இப்போது எல்லாரும் இந்தக் கேள்வியோடுதான் வார்டுக்கு வருகிறார்கள். வழக்கு வரும், கோர்ட் வரும், கவுன்சில் பதிவு போய்விடும் என்று கல்லூரியிலேயே பயமுறுத்தி அனுப்புகிறார்கள். பயத்தில் எழுதுகிறவர்கள் நிறைய எழுதுவார்கள், அதில் விஷயம் கொஞ்சமாகத்தான் இருக்கும். அவளுக்கு நான் சொன்னது இது. சாயங்காலம் ஏழு மணிக்கு டூட்டிக்கு வரும் ராத்திரி சிஸ்டர் உன் பேஷண்டைப் பார்த்ததே இல்லை. உன் எழுத்தை மட்டும் வைத்து அவள் அடுத்து என்ன செய்யவேண்டும் என்று முடிவெடுக்க முடியவேண்டும். அவளுக்குப் புரிகிற மாதிரி எழுதினால் பத்து வருஷம் கழித்து ஒரு நீதிபதிக்கும் புரியும். நீதிபதிக்காக எழுதினால் இரண்டு பேருக்கும் புரியாது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் முடித்துவிடுகிறேன், அது பெரிய புதிர் இல்லை. தென்னாப்பிரிக்க நர்ஸிங் கவுன்சில் எந்தெந்தச் செயலுக்கு ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம் என்று 1985ல் விதிகள் வந்தன. நோயாளிக்குச் செய்த எல்லாவற்றுக்கும் தெளிவான, சரியான பதிவு வைக்காமல் வேண்டுமென்றோ கவனக்குறைவாலோ விடுவது அவற்றில் ஒன்று. இப்போது நடப்பில் இருப்பது 2005ஆம் வருஷத்து நர்ஸிங் சட்டம். அதற்குக் கீழே 2014ல் புது விதிகள் வந்தபோதும் பதிவு விஷயத்தில் கெடுபிடி தளரவில்லை. இன்னொரு பக்கம் 2003ஆம் வருஷத்துத் தேசிய சுகாதாரச் சட்டம் இருக்கிறது. அதன் 13ஆம் பிரிவு ஒவ்வொரு நோயாளிக்கும் பதிவு வைக்கச் சொல்கிறது. 17ஆம் பிரிவு இன்னும் காரமானது. பதிவில் எதையாவது சேர்த்தோ அழித்தோ மாற்றியோ பொய்யாக்கினால் குற்றம். அபராதம், அல்லது ஒரு வருஷம் வரை சிறை, அல்லது இரண்டும். டாக்டர், நர்ஸ், கிளார்க் என்று அது ஆள் பார்ப்பதில்லை.

பொய்ப் பதிவு என்றால் இந்த நாட்டில் பழைய காயம் ஒன்று வலிக்கும். 1977ல் போலீஸ் காவலில் இருந்த நிறவெறி எதிர்ப்புத் தலைவர் ஸ்டீவ் பீக்கோவைப் பரிசோதித்த டாக்டர், உடம்பில் எந்தக் கோளாறும் தென்படவில்லை என்று சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். அந்த மாதமே, செப்டம்பர் 12ஆம் தேதி, மூளைக் காயத்தால் பீக்கோ இறந்தார். சம்பந்தப்பட்ட டாக்டர்கள் மேல் மருத்துவக் கவுன்சில் நடவடிக்கை எடுக்க 1985 ஆயிற்று, அதுவும் சக டாக்டர்கள் சிலர் கோர்ட்டுக்குப் போய் வற்புறுத்திய பிறகு. பதிவு விஷயத்தில் இங்கே ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இந்தச் சம்பவத்தைத்தான்.

இனி பிரசவ வார்டு. தென்னாப்பிரிக்காவில் மருத்துவமனைகள் மேல் வரும் பெரிய தொகை வழக்குகளில் அதிகம் பேச்சு அடிபடுவது பிரசவ நேரத்தில் மூளை பாதிக்கப்பட்ட குழந்தைகளைப் பற்றித்தான். இவை உடனே வருவதில்லை. அம்மாவின் சொந்த வழக்குக்குப் பொதுவாக மூன்று வருஷக் கெடு. ஆனால் குழந்தையின் உரிமை, அது பதினெட்டு வயதாகி மேஜரான பிறகும் ஒரு வருஷம் உயிரோடு இருக்கும். குழந்தைகளின் மருத்துவப் பதிவை 21 வயது வரைக்குமாவது வைத்திருக்கச் சொல்லும் வழிகாட்டுதல் இதனால்தான். அதாவது இன்று ராத்திரி நீங்கள் வரைந்த கோட்டைப் பற்றி, இன்று பிறந்த பிள்ளை பள்ளிக்கூடம் போகும் காலத்தில் உங்களைக் கூப்பிட்டுக் கேட்பார்கள்.

என்னை அப்படிக் கூப்பிட்டார்கள். நான் பகல் டூட்டி பார்த்துவிட்டுப் போன ஒரு பிரசவம், ராத்திரியில் சிக்கலாகியிருக்கிறது. அரசுத் தரப்பு வக்கீலின் அலுவலகத்தில் ஒரு நீள மேஜை. அதில் மூன்று தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள்: பார்டோகிராம் (பிரசவத்தின் போக்கை நர்ஸ் வரையும் தாள்), சி.டி.ஜி. தாள் (குழந்தையின் இதயத்துடிப்பை இயந்திரம் அச்சடிப்பது), முன்னேற்றக் குறிப்பு. அந்த அம்மாவின் முகம் எனக்கு நினைவில்லை. என் கையெழுத்து மட்டும் தெரிந்தது. வக்கீல் நல்லவிதமாகத்தான் பேசினார். "சிஸ்டர், இந்த மூன்று தாளும் ஒரே ராத்திரியைத்தான் சொல்கின்றனவா?" என்று கேட்டார்.

சொல்லவில்லை. சி.டி.ஜி. இயந்திரத்தின் கடிகாரம் ஒரு நேரம் காட்டியது, குறிப்பில் சுவர்க்கடிகார நேரம், பார்டோகிராமில் யாரோ ஒருத்தியின் கைக்கடிகார நேரம். குழந்தையின் இதயத்துடிப்பு குறைந்தது டாக்டரைக் கூப்பிடுவதற்கு முன்னாலா பின்னாலா என்பதுதான் வழக்கின் உயிர்நாடி. அதை மூன்று கடிகாரங்கள் மூன்று விதமாகச் சொல்லின. அந்த மேஜையில் கற்றதை அப்புறம் நான் வேலை பார்த்த ஒவ்வொரு வார்டிலும் நடைமுறைக்குக் கொண்டுவர முயன்றிருக்கிறேன். ஷிஃப்ட் தொடங்கும்போதே இயந்திரத்தின் நேரத்தைச் சுவர்க்கடிகாரத்தோடு ஒப்பிடுங்கள். மாற்ற முடியாவிட்டால் சி.டி.ஜி. தாளின் தலைப்பில் அம்மாவின் பெயர், ஃபைல் எண், தேதியோடு, சுவரில் தெரியும் நேரத்தையும் கையால் எழுதிவிடுங்கள். அம்மாவின் நாடித்துடிப்பையும் அங்கேயே எழுதுங்கள். இயந்திரம் சில நேரம் அம்மாவின் துடிப்பைப் பிடித்துக்கொண்டு குழந்தையுடையது மாதிரிக் காட்டும். நீங்கள் நாடி பிடித்துப் பார்த்து எழுதியிருந்தால் அந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை.

அந்தத் தாளைப் பற்றி யாரும் சொல்லித்தராத இன்னொரு விஷயம்: சி.டி.ஜி. அச்சாவது வெப்பத்தாளில், கடை ரசீது மாதிரி. சில வருஷத்தில் கோடு மங்கிவிடும். ஃபைலுக்குள் மடித்துச் செருகி, மேலே செல்லோடேப் ஒட்டினால் இன்னும் சீக்கிரம் போகும். நகல் எடுத்து வைக்கவேண்டும். தாள் தொலைந்தாலும் மங்கினாலும் நஷ்டம் மருத்துவமனைக்குத்தான். பதிவைக் காப்பாற்ற வேண்டிய கடமை யாருக்கோ, அவர்களேதான் அது ஏன் இல்லை என்று பதில் சொல்லவேண்டும். "கிடைக்கவில்லை" என்ற பதிலோடு நீதிபதிகள் விட்டுவிடுவதில்லை.

பார்டோகிராம் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். இது இந்தப் பக்கத்துச் சரக்கு. 1970களின் தொடக்கத்தில், அப்போது ரொடீஷியா என்றிருந்த பக்கத்து நாடான ஜிம்பாப்வேயில், பிரசவத்தின் போக்கை ஒரே தாளில் பார்க்கும்படி எச்சரிக்கைக் கோடும் செயல் கோடும் போட்டு ஃபில்பாட், காஸில் என்ற இரண்டு டாக்டர்கள் செம்மைப்படுத்தியது. பெரிய டாக்டர் இல்லாத கிராமத்து மருத்துவமனையிலும் ஒரு நர்ஸ் தாளைப் பார்த்தே "இவளை இப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பு" என்று முடிவெடுக்கவேண்டும் என்பதுதான் நோக்கம். வலி தீவிரமான பிறகு அரை மணிக்கு ஒரு தரம் குழந்தையின் இதயத்துடிப்பு, கருப்பைச் சுருக்கம் வருவதற்கு முன்னும் வரும்போதும் பின்னும், சுருக்கங்கள் எத்தனை. அதோடு அம்மாவின் இரத்த அழுத்தம். இவ்வளவையும் உடனுக்குடன் புள்ளியாக வைத்தால் கோடு பேசும்.

நான் தணிக்கையில் பார்த்த பல பார்டோகிராம்கள் குழந்தை பிறந்த பிறகு உட்கார்ந்து வரைந்தவை. கண்டுபிடிப்பது சிரமமே இல்லை. ஒரே பேனா, ஒரே சாய்வு. இதயத்துடிப்பு 140, 140, 140 என்று ஸ்கேல் வைத்த மாதிரி. நிஜமான குழந்தையின் துடிப்பு அப்படி இருக்காது. 132 இருக்கும், 148 இருக்கும், ஒரு தரம் 126 இருக்கும். எட்டு மணி நேர வேலையில் தாளில் ஒரு காப்பிக்கறை, ஒரு கசங்கல்கூட இல்லை என்றால் எனக்குச் சந்தேகம் வரும். எதிர்த்தரப்பு வக்கீல் வைத்திருக்கும் நிபுணருக்கும் வரும். அவர் பிரசவ வார்டில் முப்பது வருஷம் இருந்தவராக இருப்பார். வெற்றிடம் விட்ட பார்டோகிராமைவிட இட்டுக்கட்டிய பார்டோகிராம் பல மடங்கு மோசம். வெற்றிடத்துக்கு விளக்கம் இருக்கலாம். இட்டுக்கட்டிய ஒரு புள்ளி வெளியே தெரிந்தால் அந்த ஃபைலில் இருக்கும் நேர்மையான குறிப்புகளையும் யாரும் நம்பமாட்டார்கள்.

இதே வியாதி மற்ற வார்டிலும் உண்டு. மூச்சு எண்ணிக்கை என்ற கட்டத்தைப் பாருங்கள். வார்டு முழுக்க எல்லாருக்கும் 18 அல்லது 20. ஆஸ்துமாக்காரருக்கும் 18, கால் முறிந்தவருக்கும் 18. யாரும் ஒரு நிமிஷம் நின்று எண்ணுவதில்லை. நோயாளி மோசமாகப் போகிறார் என்றால் பல சமயம் முதலில் மாறுவது மூச்சுதான், அந்தக் கட்டத்தில்தான் கற்பனை அதிகம். படுக்கைப்புண் வராமல் இரண்டு மணிக்கு ஒரு தரம் திருப்பிப் படுக்கவைக்கும் சார்ட்டும் அப்படியே. ஒரு தரம் நான் பார்த்த சார்ட்டில் மதியம் இரண்டு மணிக்கு "இடப்பக்கம் திருப்பப்பட்டார்" என்று டிக் இருந்தது. அந்த நேரத்தில் அவர் ஆபரேஷன் தியேட்டரில் இருந்தார். சிரித்துவிட்டேன், பிறகு அந்தப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். ஷிஃப்ட் தொடங்கும்போதே எல்லா டிக்கையும் போட்டுவிட்டாளாம். "பிறகு நேரம் கிடைக்காது சிஸ்டர்" என்றாள். நேரம் கிடைக்காதது உண்மைதான்.

ஆள் பற்றாக்குறை வரும்போது என்ன எழுதுவது என்பதுதான் இங்கே பிள்ளைகள் கேட்கும் கடினமான கேள்வி. 2021 ஜூலையில் எங்கள் மாகாணமான க்வாசூலு-நட்டாலில் கலவரம் நடந்த வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சாலைகள் அடைத்துக் கிடந்தன, டாக்ஸி ஓடவில்லை, டர்பனின் ஃபீனிக்ஸ் பக்கம் போகவே பயம். வேலைக்கு வந்துவிட்டவர்கள் வீட்டுக்குப் போகமுடியாமல் வார்டிலேயே தூங்கி எழுந்து மறுபடி டூட்டி பார்த்தார்கள். அடுத்த ஏப்ரலில் வெள்ளம் வந்தபோது குழாயில் தண்ணீர்கூட இல்லை. அந்த நாட்களின் ஃபைல்களில் இரண்டு விதம் பார்த்தேன். ஒன்று, எல்லாம் வழக்கம்போல நடந்ததாக நேர்த்தியாக எழுதியது. இன்னொன்று, நோயாளியின் ஃபைலிலேயே நிர்வாகத்தைத் திட்டி எழுதியது. இரண்டும் உதவாது. நோயாளியின் ஃபைலில் நடந்ததை எழுதுங்கள்: "03:00 மணிக் கண்காணிப்பு செய்யப்படவில்லை. 03:50க்குச் செய்யப்பட்டது, அளவுகள் இவை. 02:40க்கு ராத்திரி மேற்பார்வையாளருக்குத் தகவல் சொல்லப்பட்டது." எத்தனை பேருக்கு எத்தனை நர்ஸ், யார் வரவில்லை, எத்தனை தரம் ஆள் கேட்டோம் என்பதெல்லாம் ஷிஃப்ட் அறிக்கையில் போகவேண்டும். யாருக்காவது தீங்கு நடந்திருந்தால் அதற்கென்று உள்ள நோயாளிப் பாதுகாப்புச் சம்பவப் படிவத்தில் போகவேண்டும். மிகக் கடுமையான வகைச் சம்பவமானால் 24 மணி நேரத்துக்குள் மேலே தெரிவிக்கவேண்டும் என்பது தேசிய வழிகாட்டுதல். தாமதத்தை ஒப்புக்கொண்ட அந்த மூன்று வரியைத் தணிக்கையில் நான் ஒருநாளும் குறையாக எழுதியதில்லை.

டாக்டரைக் கூப்பிட்ட விஷயம். "டாக்டருக்குத் தெரிவிக்கப்பட்டது" என்று மட்டும் எழுதிவிட்டு நகர்கிற பழக்கம் எல்லா நாட்டிலும் இருக்கும்போல. எந்த டாக்டர், எத்தனை மணிக்கு, என்ன அளவைச் சொன்னீர்கள், அவர் என்ன சொன்னார், எப்போது வருவேன் என்றார்? வரவில்லை என்றால் மறுபடி எத்தனை மணிக்குக் கூப்பிட்டீர்கள்? அவர் எடுக்கவில்லை என்றால் அடுத்து யாரைக் கூப்பிட்டீர்கள்? இந்த ஐந்தாறு சொல்தான் ஒரு நர்ஸின் பொறுப்பு எங்கே முடிகிறது, டாக்டருடையது எங்கே தொடங்குகிறது என்று காட்டும். போனில் மருந்து சொன்னால் எழுதி, திருப்பி வாசித்துக் காட்டி, முடிந்தால் இன்னொரு நர்ஸையும் கேட்கவைத்து இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். டாக்டர் வந்ததும் கையோடு அவர் கையெழுத்தை வாங்கிவிடுங்கள், நாளைக்கு என்றால் அவர் வேறு ஆஸ்பத்திரிக்கு மாறிப்போயிருப்பார்.

திருத்தம் செய்வது எளிய விஷயம். ஒரே கோடு, அடியில் இருப்பது படிக்கத் தெரியும்படி. பக்கத்தில் தவறு என்று எழுதி, தேதி, நேரம், கையெழுத்து. வெள்ளைப் பூச்சு வேண்டாம், பக்கத்தைக் கிழிக்க வேண்டாம், விட்டுப்போன வரியை இரண்டு வரிக்கு நடுவில் பொடி எழுத்தில் செருக வேண்டாம். நினைவு வந்த நேரத்தில், கடைசிக் குறிப்புக்குக் கீழே, "தாமதப் பதிவு" என்று தலைப்பிட்டு, இப்போதைய நேரத்தையும் சம்பவம் நடந்த நேரத்தையும் இரண்டையும் எழுதினால் போதும்.

இனி, தமிழ்க்காரியாக இருப்பதால் மட்டும் எனக்குக் கிடைத்த ஒரு பாடம். பொது மருத்துவ வார்டில் சாட்ஸ்வர்த்திலிருந்து வந்த ஒரு பாட்டி. எண்பதைத் தாண்டியவர். இங்கே பிறந்த தலைமுறைகளில் தமிழ் பேசுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். ஆனால் அந்த வயதுக்காரர்கள் சிலர், உடம்பு முடியாமல் போனால், சின்ன வயதில் வீட்டில் பேசிய தமிழுக்குத் திரும்பிவிடுவார்கள். ராத்திரிக் குறிப்பில் "குழப்பமாக இருக்கிறார், அர்த்தமில்லாமல் பேசுகிறார், அமைதியின்றி இருக்கிறார்" என்று எழுதியிருந்தது. காலையில் நான் பக்கத்தில் போனேன். "நெஞ்சு அடைக்குதம்மா, மூச்சு முட்டுது" என்றார். ராத்திரி முழுக்க அதைத்தான் சொல்லியிருக்கிறார். இ.சி.ஜி. எடுத்ததும் இதயத்தில் கோளாறு தெரிந்து அவரை ஐ.சி.யூ.வுக்குக் கொண்டுபோனார்கள். ராத்திரி சிஸ்டர் சூலு பேசுகிறவர், கெட்டிக்காரி, அக்கறை உள்ளவர். அவருக்குத் தமிழ் தெரியாதது குற்றமில்லை. ஆனால் "குழப்பம்" என்பது அவர் எடுத்த முடிவு. அவர் கண்ணில் பட்டது இது: "எனக்குப் புரியாத மொழியில் திரும்பத் திரும்ப ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார், வலது கையை மார்பில் வைத்துக்கொள்கிறார், படுக்கையில் நிமிர்ந்து உட்காரப் பார்க்கிறார்." இப்படி எழுதியிருந்தால் அதிகாலையில் சுற்றுக்கு வந்த டாக்டர் ஒரு நிமிஷம் நின்றிருப்பார்.

இதன் மறுபக்கம் எனக்கே தினமும் நடப்பது. என் சூலு வார்டு சூலு. வலி, இரத்தம், தண்ணீர், தள்ளு, மூச்சு விடு என்பதோடு சரி. சம்மதம் வாங்கும்போது அது போதாது. தேசிய சுகாதாரச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, முடிந்தவரை நோயாளிக்குப் புரியும் மொழியில், அவருடைய படிப்பறிவுக்கு ஏற்ற விதத்தில் சொல்லவேண்டும் என்கிறது. மொழிபெயர்த்தது யார் என்று எழுதுங்கள்: பெயர், பதவி. துப்புரவுப் பணிசெய்யும் அம்மாவைக் கூப்பிட்டுப் பேசவைத்தால் அதையும் எழுதுங்கள், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. பிரசவத்துக்கு வரும் பெண்கள் சிலர் வீட்டில் 'இசிஹ்லம்பேசோ' என்ற மூலிகைக் கஷாயம் குடித்திருப்பார்கள். அவர்கள் சொன்ன சொல்லிலேயே, எப்போது எவ்வளவு குடித்தார் என்று எழுதவேண்டும். "மந்திர மருந்து" என்று ஏளனமாக எழுதியதைப் பார்த்திருக்கிறேன். நம் பாட்டிமார் கொடுத்த பிரசவ லேகியத்தை யாராவது அப்படி எழுதினால் நமக்கு எப்படி இருக்கும்?

சிரிக்கவும் ஒரு கதை இருக்கிறது. தைப்பூசத்துக்குக் காவடி எடுத்த ஒரு பையன், மறுநாள் வீட்டு மாடிப்படியில் விழுந்து கை முறிந்து அவசரப் பிரிவுக்கு வந்தான். முதுகெல்லாம் கொக்கி குத்திய வடு. ஊருக்குப் புதிதான பயிற்சி டாக்டர் "முதுகில் பல கத்திக்குத்துக் காயங்கள்" என்று எழுதிவிட்டார். போலீஸ் வந்துவிட்டது. பையன் முருகனையே சாட்சிக்குக் கூப்பிடாத குறை. காயம் எழுதும்போது அளவு, இடம், நிறம், ஓரம் எப்படி இருக்கிறது, காய்ந்திருக்கிறதா, எப்படி வந்தது என்று நோயாளி சொல்வது என்ன என்று மட்டும் எழுதுங்கள். ஆயுதம் என்னவென்று நாம் ஊகிக்கக் கூடாது. வன்முறை வழக்குகளில் ஜே88 என்ற படிவத்தை, பயிற்சி பெற்ற நர்ஸ்களும் நிரப்புகிறார்கள். அந்தப் படிவம் நேராகக் கோர்ட்டுக்குப் போகும். அங்கே நம் ஊகத்தால் நிரபராதி மாட்டலாம், குற்றவாளி தப்பலாம்.

மருந்துப் பதிவேட்டைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, அதில் இங்கே யாரும் விளையாடமாட்டார்கள். மார்ஃபின், பெதிடின் போன்ற ஆறாம் அட்டவணை மருந்துகளின் சாவி பொறுப்பு சிஸ்டரின் பையில். ஷிஃப்ட் மாறும்போது இரண்டு பேர் சேர்ந்து எண்ணவேண்டும். 100 மில்லிகிராம் ஆம்பியூலில் 75 கொடுத்தால், மீதி 25ஐக் கொட்டுவதை இரண்டாவது ஆள் கண்ணால் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடவேண்டும். கொட்டிய பிறகு வந்து போடும் கையெழுத்து பொய்க் கையெழுத்து. தோழிக்காக என்றாலும் போடாதீர்கள்.

சிகிச்சை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களிடம் இங்கே ஆர்.எச்.டி. என்ற படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். கையெழுத்து வாங்கியதோடு கடமை முடிந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். போனால் என்ன ஆபத்து என்று எந்த மொழியில் சொன்னீர்கள், அவர் ஏன் போகிறேன் என்றார், எந்த அறிகுறி வந்தால் திரும்பி வரச் சொன்னீர்கள் என்பது குறிப்பில் இல்லாவிட்டால் அந்தப் படிவம் வெறும் காகிதம்தான். வீட்டில் பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லை என்று போகிற அம்மாக்கள் அதிகம். காரணத்தை எழுத உட்கார்ந்தால்தான் அது நமக்கே தெரியவரும். சில நேரம் சோஷியல் வொர்க்கரை அழைத்தாலே அவர் தங்கிவிடுவார்.

கணினி வந்த பிறகு? டர்பனில் 2002ல் திறந்த இன்கோசி ஆல்பர்ட் லுதூலி மத்திய மருத்துவமனை தொடங்கியபோதே காகிதமில்லா மருத்துவமனை என்று பேர் வாங்கியது. கணினியில் நேரம் தானாக விழும், அது வசதி. ஆனால் யார் எப்போது திறந்தார், எதை மாற்றினார் என்பதும் தானாக விழும். பாஸ்வேர்டைப் பக்கத்து நர்ஸுக்குக் கொடுத்தால் அவள் எழுதியதற்கும் நீங்கள்தான் ஆள். நேற்றைய குறிப்பை நகலெடுத்து இன்றைக்கு ஒட்டுகிறவர்களை நான் சுலபமாகப் பிடித்துவிடுவேன். எடுத்துப்போட்டாகிவிட்ட கதீட்டர் அந்தக் குறிப்புகளில் ஒரு வாரம் சிறுநீர் வடித்துக்கொண்டே இருக்கும். வாட்ஸ்அப்பில் காயத்தின் போட்டோ அனுப்புவது இப்போது தீராத தலைவலி. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலையிலிருந்து முழு வீச்சில் அமலில் இருக்கிறது. உடல்நலத் தகவல் அதில் தனிப் பாதுகாப்புக்குரிய வகை. வார்டு குரூப்பில் போட்ட படம் உங்கள் போனிலிருந்து அழிந்தாலும் மற்றவர்கள் போனில் இருக்கும்.

ஃபைல் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று இந்த நாடு 2016ல் பார்த்தது. கௌட்டெங் மாகாணத்தில் லைஃப் எசிதிமெனி நிலையங்களில் இருந்த மனநல நோயாளிகளை, ஆயிரத்து எழுநூறு பேருக்கு மேல், செலவைக் குறைக்கவென்று தொண்டு நிறுவனங்களுக்கும் வேறு இடங்களுக்கும் மாற்றினார்கள். 144 பேர் இறந்தார்கள். முன்னாள் துணைத் தலைமை நீதிபதி டிக்காங் மொசெனெக்கே நடத்திய விசாரணையில் குடும்பத்தினர் வந்து பேசியதை டிவியில் பார்த்தேன். பலர் மருத்துவப் பதிவு இல்லாமல், சிலர் பெயர்கூடச் சரியாகத் தெரியாமல் வண்டியில் ஏற்றப்பட்டிருக்கிறார்கள். என்ன மாத்திரை, வலிப்பு உண்டா, சர்க்கரை உண்டா, தானாகச் சாப்பிடுவாரா என்று போய்ச் சேர்ந்த இடத்தில் யாருக்கும் தெரியாது. பசியும் தாகமும் சொல்லத் தெரியாதவருக்கு அந்த ஃபைல்தான் வாய். நாத்தனார் மகளுக்கு இதைச் சொன்னபோது அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டாள்: "வக்கீல் லெட்டர் வந்தா என்ன பண்ணணும் அத்தை?"

நல்ல கேள்வி, அதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் ஃபைலைத் தேடி ஓடாதீர்கள். அதில் ஒரு புள்ளிகூட இப்போது சேர்க்கக் கூடாது. வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, போனில் படம் எடுக்கக் கூடாது. மேலதிகாரிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். டெனோசா மாதிரி நர்ஸ் சங்கத்தில் உறுப்பினராக இருந்தால் அன்றைக்கே கூப்பிடுங்கள். வாக்குமூலம் கேட்டால், ஃபைலின் நகலை முழுக்கப் படிக்கக் கொடுத்த பிறகே எழுதுவேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. "இப்பவே ஒரு பக்கம் எழுதிக் கொடு" என்று அவசரப்படுத்துவார்கள், மசியாதீர்கள். எழுதும்போது மூன்றைப் பிரித்து எழுதுங்கள்: எனக்கு நினைவிருப்பது, ஃபைலில் என் கையெழுத்தில் இருப்பது, அந்தக் காலத்தில் அந்த வார்டில் எங்கள் வழக்கமான நடைமுறை. நினைவில்லாததை நினைவில்லை என்றே எழுதலாம். அந்த வக்கீல் அலுவலகத்தில் நான் பாதிக் கேள்விக்கு அதைத்தான் சொன்னேன், யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. உடன் வேலை பார்த்தவர் என்ன செய்திருப்பார் என்று ஊகித்து எழுதாதீர்கள். அதை அவரே வந்து சொல்லட்டும். தேதி போட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டு, ஒரு நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வழக்கு முடிய வருஷக்கணக்காகும். அதற்குள் நீங்கள் வேறு ஊரில், வேறு வேலையில் இருப்பீர்கள், அப்போது உங்கள் கையில் இருக்கப்போவது அந்த நகல் ஒன்றுதான்.